வளைகாப்புக்குத் தென்காசி போகலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 28 வயது. முதல் கர்ப்பம், 24 வாரம் முடிந்துவிட்டது. நானும் கணவரும் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். அம்மா வீடு தென்காசி. இன்னும் ஐந்து வாரத்தில் அங்கே வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். "இந்த நேரத்தில் வயிறு குலுங்கக்கூடாது, இங்கேயே வைத்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமியார். "வளைகாப்பு முடிந்ததும் பிரசவம் வரை இங்கேயே இருந்துவிடு" என்கிறார் அம்மா. எனக்கோ அவ்வளவு லீவு கிடையாது. போய்விட்டுத் திரும்பி வந்து, ஒன்பதாம் மாதம் மறுபடி போகலாம் என்று நினைக்கிறேன். கணவர் காரில் போகலாம் என்கிறார். தோழி விமானம்தான் நல்லது என்கிறாள். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம், இப்போது ஒரு மணி நேரம்கூட சிறுநீரை அடக்க முடிவதில்லை. வழியில் என்ன செய்வேன்? ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது, நஞ்சுக்கொடி மேலேதான் இருக்கிறது என்றார்கள். பி.பி. சரி. ஹீமோகுளோபின் 10.2. மாலையில் பாதம் லேசாக வீங்குகிறது.
— ஒரு வாசகி, சென்னை

பதில்:

போகலாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் தடை சொல்ல எதுவும் இல்லை. உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரிடமும் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் அவர் பேச்சுதான் பேச்சு, என் பேச்சு இல்லை.

முதலில் மாமியாரின் பயத்தைப் பார்ப்போம். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்துச் சாலையும் வண்டியும் அப்படி. ஆனால் கருப்பையின் தடித்த தசைக்குள், பனிக்குட நீரில் மிதந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு ரயிலின் ஆட்டமோ காரின் சாதாரணக் குலுக்கலோ ஒன்றும் செய்யாது. அதனால் பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிடாது. கீழே விழுவதும், வயிற்றில் நேராக அடிபடுவதும், விபத்தும்தான் ஆபத்து. அதனால்தான் பைக் வேண்டாம் என்கிறோம். பயணத்தில் கர்ப்பிணிகளைப் படுத்துவது பெரும்பாலும் வேறு மூன்று விஷயங்கள்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது, மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது, ஏதாவது ஆனால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல் இருப்பது. குலுக்கலைப் பற்றி ஊரே பேசும், இந்த மூன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உங்கள் சிறுநீர்ப் பயமும் இதில்தான் வந்து சேர்கிறது. நம் ஊர்ப் பெண்கள் பயணம் என்றாலே முதல் நாள் மாலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வழியில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ, இருந்தாலும் போகிற மாதிரி இருக்குமோ என்ற கவலை. அது நியாயமான கவலைதான், நம் நெடுஞ்சாலைக் கழிப்பறைகளைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் இந்தப் பழக்கம் இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. இப்போது சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்திருப்பதால் சிறுநீர் மெதுவாகத்தான் வடிகிறது. அதை அடக்கியும் வைத்தால் கிருமி பெருக இடம் கிடைக்கும், நோய்த்தொற்று எளிதில் சிறுநீரகம் வரை ஏறிவிடும். குளிரும் காய்ச்சலும் முதுகு வலியுமாகப் படுக்க நேர்ந்தால் அதுவே குறைப்பிரசவ வலியைக் கிளப்பிவிடலாம். இன்னொன்று, உடம்பில் நீர் குறைந்தால் வயிறு அடிக்கடி இறுகும். அந்த இறுக்கத்தைப் பிரசவ வலி என்று நினைத்துப் பதறி நடுவழியில் ஆஸ்பத்திரியைத் தேடும் பெண்கள் உண்டு. பல பேருக்குத் தண்ணீர் கொடுத்து இடது பக்கம் படுக்க வைத்ததும் இறுக்கம் அடங்கிவிடும்.

ஆகவே தண்ணீர் குடியுங்கள். ஒரே மூச்சில் அரை லிட்டர் வேண்டாம், அது உடனே உங்களை எழுப்பிவிடும். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய். நாள் முழுக்கச் சேர்த்து இரண்டரை லிட்டர் வாக்கில் வந்தால் போதும், வெயில் காலமானால் இன்னும் கொஞ்சம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். காபி, டீ இரண்டும் சேர்த்து நாளைக்கு இரண்டு கப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழிப்பறை இருக்கையைத் தொட்டால் தொற்று வரும் என்ற பயத்தில் அடக்கிவைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் இந்தத் தொற்று இருக்கையிலிருந்து வருவது மிக அரிது, அடக்கிவைத்தால்தான் வரும் வாய்ப்பு கூடும். டிஷ்யூ, ஒரு சின்ன சோப்பு, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் தளர்வான உடை போதும். இறுக்கமான லெக்கிங்ஸைக் கழற்றி மாட்டுவது ஓடுகிற ரயிலில் பெரும்பாடு. நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வருகிற பெண்களை யாரும் இன்று திரும்பிப் பார்ப்பதில்லை.

இதனால்தான் வாகனம் எது என்று கேட்டால் தயங்காமல் ரயில் என்பேன். நினைத்தபோது எழுந்து போகலாம், நடக்கலாம், காலை நீட்டிப் படுக்கலாம். பொதிகை மாதிரி இரவு ரயிலில் ஏறினால் காலையில் தென்காசியிலேயே இறங்கிவிடலாம், வண்டி மாற வேண்டியதில்லை. செலவுக்கு முடிந்தால் ஏ.சி. டூ டயரில் கீழ் பெர்த் எடுங்கள். த்ரீ டயரில் நடு பெர்த்தை மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. நெஞ்செரிச்சல் உள்ள கர்ப்பிணிக்கு அது இரவெல்லாம் தொல்லை. சைடு லோயர் வேண்டாம், இரண்டு இருக்கை சேருகிற இடம் இடுப்பில் குத்தும். ரயில்வேயில் மூத்த குடிமக்களோடு கர்ப்பிணிகளுக்கும் சேர்த்துக் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி முன்பதிவு கவுன்டரில் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, வயிற்றைப் பார்த்தால் பெட்டியில் யாராவது மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எப்படியானாலும் மேல் பெர்த்துக்கு மட்டும் ஏறாதீர்கள்.

கழிப்பறைக்குப் பக்கத்திலேயே பெர்த் வேண்டும் என்று தோன்றும். வேண்டாம், அந்த வாடையும் கதவுச் சத்தமும் தூங்க விடாது. இரண்டாவது, மூன்றாவது பகுதி சரியாக இருக்கும். இரவில் எழுந்தால் செருப்பு மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பாக இருக்கட்டும், கழிப்பறைத் தரை எப்போதும் ஈரம்தான். கணவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். வெளியே நிற்கட்டும், அதற்குத்தானே கூட வருகிறார்.

ஸ்லீப்பர் பஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டிக்கெட் கிடைக்காத வாரத்தில் எல்லார் வீட்டிலும் அந்த யோசனை வரும். வேண்டாம். நினைத்த இடத்தில் நிற்காது, கழிப்பறை இருக்காது, திடீர் பிரேக் போட்டால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

கார் இரண்டாம் பட்சம். சென்னையிலிருந்து தென்காசி 600 கிலோமீட்டருக்கு மேல், நிறுத்தி நிறுத்திப் போனால் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் வேண்டாம். திருச்சி கிட்டத்தட்ட பாதி வழி, அங்கே ஓர் இரவு தங்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், "அடுத்த டோல் தாண்டி நிறுத்தலாம்" என்ற பேச்சே கூடாது. கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும், வயிறு பெரிதாக ஆகக் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவதும் மந்தமாகும். அசையாமல் உட்கார்ந்தால் காலின் ஆழத்து ரத்தநாளத்தில் ரத்தக்கட்டி உருவாகலாம், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அரிதுதான், ஆனால் இதற்காகத்தான் நடக்கச் சொல்கிறோம். உட்கார்ந்திருக்கும்போதும் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். மருத்துவரிடம் கேட்டு, அளவெடுத்து, அழுத்தக் காலுறை வாங்கிப் போட்டுக்கொண்டால் உங்கள் பாத வீக்கத்துக்கும் இதமாக இருக்கும்.

சீட் பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள். "வயிறு அழுந்தும்" என்று சொல்லி அதைக் கழற்றிவிடுகிற வழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல், தொடை தொடங்கும் இடத்தில் போக வேண்டும். மேல்பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் வர வேண்டும். வயிற்றின் குறுக்கே மட்டும் எந்தப் பட்டையும் கூடாது. பின் சீட்டில் உட்கார்ந்தாலும் இதே விதிதான். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் நெரிசலில் பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துவிடுவீர்கள், அதனால் விடியற்காலையில் புறப்படுங்கள்.

விமானத்தால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. விமான நிலைய சோதனை வாசலாலும் இல்லை. உங்கள் ஹீமோகுளோபின் 10.2 லேசான ரத்தசோகை, அது பறக்கத் தடை ஆகாது. ஆனால் தென்காசிக்கு விமானத்தால் பெரிய லாபமும் இல்லை. தூத்துக்குடியிலோ மதுரையிலோ இறங்கி மறுபடி இரண்டு, மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும். அதற்கு முன் விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் 32 வாரத்துக்கு மேல் 'பயணம் செய்யத் தகுதி' என்ற சான்றிதழ் கேட்கும், சில 28 வாரத்திலேயே கேட்கும், 36 வாரத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். டிக்கெட் போடும் முன் அந்தந்த நிறுவனத்தில் கேட்டுவிடுங்கள். திரும்பி வரும் நாளில் எத்தனை வாரம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி அந்த மூன்று பயணக் கணக்கு. வீட்டில் மாதக் கணக்கில் பேசுவார்கள், நீங்கள் வாரத்தில் பேசுங்கள். வளைகாப்பு 29-ஆவது வாரத்தில் வருகிறது. போய், நான்கைந்து நாள் இருந்து, 30-ஆவது வாரத்தில் திரும்பலாம், அதில் சிக்கல் இல்லை. "ஒன்பதாம் மாதம் மறுபடி" என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதாம் மாதம் என்றால் 35, 36 வாரம். அப்போது இரவு முழுக்க ரயிலில் போவது உங்களுக்கே கஷ்டம், வலி எடுத்தால் நடுவழியில் நிற்பீர்கள். மகப்பேறு சட்டப்படி முதல் குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அதாவது 32-ஆவது வாரத்திலிருந்தே. முன்னால் எடுக்கும் நாட்கள் பின்னால் குழந்தையோடு இருக்கும் நாட்களில் குறையும் என்பது உண்மைதான். அப்படியும் 34 வாரத்துக்குள் தென்காசி போய்ச் சேர்ந்துவிடுங்கள், கடைசி ஒன்றிரண்டு வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அது முடியாதென்றால் சென்னையிலேயே பிரசவம், அம்மா இங்கே வரட்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நல்ல வழக்கம், ஆனால் அந்த வழக்கத்தின் சாரம் அம்மா பக்கத்தில் இருப்பதுதான், ஊர் எதுவானால் என்ன.

தென்காசிதான் என்று முடிவானால், வளைகாப்புக்குப் போகும்போதே பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவரை ஒருமுறை பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். பந்தல்காரரையும் சமையல்காரரையும் பார்க்க நேரம் இருக்கிறவர்களுக்கு இதற்கு நேரம் கிடைக்காமல் போவது விநோதம். ரத்த வகை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் வேண்டாம். போனில் படமாகவும் இருக்கட்டும். பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும்.

வழியில் எதற்காகவாவது ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர் எல்லாவற்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சாலையில் 108, ரயிலில் டி.டி.இ.யிடம் சொல்லுங்கள் அல்லது 139. அடுத்த நிலையத்தில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

எதற்கெல்லாம் கூப்பிட வேண்டும் என்றால், ரத்தம் சிறிது பட்டாலும், பனிக்குட நீர் கசிவது போலத் தெரிந்தாலும், படுத்துத் தண்ணீர் குடித்த பிறகும் வயிறு சீரான இடைவெளியில் இறுகிக்கொண்டே இருந்தாலும், காய்ச்சல் வந்தாலும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது இவையெல்லாம் பி.பி. ஏறியதன் அடையாளமாக இருக்கலாம், ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. மாலையில் இரண்டு பாதமும் சமமாக வீங்கிக் காலையில் வடிந்துவிடுவது இயல்பு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி இருந்தால் அன்றே காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பயண நாளின் அலைச்சலில் குழந்தையின் அசைவு தெரியாமல் போகலாம். சந்தேகம் வந்தால் இடது பக்கம் படுத்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். வழக்கம்போல் இல்லையென்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

சாப்பாடு வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். மிளகாய்ப் பொடி தடவிய இட்லியை மிஞ்சுவது இரவு ரயிலுக்கு இன்றும் எதுவும் இல்லை, காரத்தை மட்டும் குறையுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், அது சீக்கிரம் கெட்டுவிடும். ரயில் ஏறும் முன்பே சாப்பிட்டுவிட்டால் படுக்கும்போது நெஞ்சு எரியாது. வெட்டி வைத்த பழம், சாலையோர ஜூஸ், ஐஸ் போட்ட எதுவும் கூடாது, வாழைப்பழம் நல்லது. வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம், போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போடக்கூடாது. உடம்பு வலிக்குப் பாரசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வகை வலி மாத்திரைகள் 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணி ஊர் போனால் கையில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கொடுத்து அனுப்புவார்களே, மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், எலுமிச்சையை முகர்ந்தால் பலருக்குக் குமட்டல் அடங்குகிறது. இரும்புச்சத்து மாத்திரையைப் பயணத்தைச் சாக்கிட்டு விட்டுவிடாதீர்கள், 10.2 இன்னும் ஏற வேண்டும். அதைக் கால்சியம் மாத்திரையோடும் டீயோடும் சேர்க்காமல் தனியாகப் போடுங்கள்.

வளைகாப்பு நாளில்தான் பயணத்தைவிட அதிகம் களைப்பீர்கள். இறங்கிய மறுநாளே விழா வேண்டாம், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு இருக்கட்டும். மூன்று மணி நேரம் மணையில் பட்டுப்புடவையோடு உட்கார வைத்து, வருகிறவர்கள் எல்லாம் சந்தனம் பூசி வளையல் போடும் வரை ஒரு வாய் சாப்பாடு இல்லை என்று வைத்திருப்பார்கள். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். நாற்காலியில் உட்காருகிறேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் எழுந்து நடங்கள். வளையலைக் கொஞ்சம் பெரிய அளவில் எடுக்கச் சொல்லுங்கள், எட்டாம் மாதத்தில் கை வீங்கும். யாராவது குற்றாலம் போகலாம் என்பார்கள். பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் அருவிக்கு அடியில் போகாதீர்கள். பாசி பிடித்த பாறையில் வழுக்கி விழுந்தால் வயிற்றில் அடிபடும் என்பதற்காகச் சொல்கிறேன். பார்டர் பரோட்டாவுக்கு என்னிடம் தடையில்லை, கண் முன்னால் சூடாகப் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று பொருள். அப்போதும் தென்காசி போகலாம், ஆனால் வளைகாப்புக் கலவை சாதங்களிலும் சர்க்கரைப் பொங்கலிலும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி, அம்மாவுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.